பால் காய்ச்சினால் வீடு சொந்தமாகாது

நம் அலுவலகத்து அறை வாடகை ஒப்பந்தத்தின் கடைசி விதியைப் படித்துவிட்டுச் சிரிக்காத புதியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. “அறையில் தங்குபவர் குடிவரும் நாளில் பால் காய்ச்சுவதால் அவருக்கு இந்த வீட்டின்மீது எந்த உரிமையும் உண்டாகாது.” போன வாரம் சும்மா எட்டிப் பார்க்க கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நம் வாடகை ஏஜென்சி அலுவலகத்துக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். யார் எழுதியது இது, எந்தக் காலத்து ஆள் என்று ஒருத்தர் கேட்டதும் என் காதில் விழுந்தது. எழுதியது நான்தான். இந்தக் காலத்து ஆள்தான். ஓய்வு பெற்றுச் சில மாதம்தான் ஆகிறது, அதற்குள் என்னைக் கற்காலத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

சிரிப்பதில் தப்பில்லை, நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த விதியை எடுத்துவிடலாம் என்று உங்களில் ஒருவர் யோசனை சொன்னாராம். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முழு வீட்டை வாடகைக்கு விடுவது ஒரு தொழில். வீட்டுக்காரரே குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை விடுவது வேறு தொழில். முழு வீட்டில் சண்டை மாதத்துக்கு ஒருமுறை வரும், வாடகை நாளில். அறை என்றால் தினமும் வரும்: குளியலறை வாசலில், துணி துவைக்கும் மெஷினுக்கு முன்னால், ஐஸ்பெட்டியின் இரண்டாம் தட்டில். விளம்பரத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். இந்தியர்களுக்கு மட்டும், லைட் குக்கிங் அனுமதி, நல்ல வீட்டுச் சூழல். இந்தக் கடைசிச் சொல்லைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒரு நடுக்கம் உண்டு. யார் வீட்டுச் சூழல் என்று யாரும் எழுதுவதில்லை.

அப்புறம் அந்த உறவுமுறை. சாவி கொடுக்கிற அன்றைக்கு எல்லா வீட்டுக்காரருக்கும் தங்க வருபவர் பிள்ளை மாதிரி. டெபாசிட்டைத் திருப்பிக் கேட்கிற அன்றைக்கு அதே பிள்ளை யாரோ ஒருத்தன் ஆகிவிடுவான். அதைவிட மோசம், அன்றைக்கும் பிள்ளையாகவே இருப்பது. பெத்தவங்களிடம் காசு கேட்கிற பிள்ளை உண்டா என்று பூச்சோங்கில் ஓர் ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அந்தக் கண்ணீர் வற்றிப் பணம் வெளியே வருவதற்குள் அந்த வீட்டு டீயை நான் எத்தனை தடவை குடித்தேன் என்று கணக்கில்லை. ஆகவே யாராவது ‘மகன் மாதிரி’, ‘மகள் மாதிரி’ என்று ஆரம்பித்தால் நீங்கள் ரசீதுப் புத்தகத்தை வெளியே எடுத்துவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றி உங்களுக்கு வகுப்பு நடத்தியிருப்பார்கள். நான் என் பாணியில் சொல்கிறேன். தன் கூரைக்குக் கீழே தன்னோடு யார் இருக்கலாம் என்பது வீட்டுக்காரரின் விருப்பம். நியாயமான அவகாசம் கொடுத்து, நீ போகலாம் என்று சொல்ல அவரால் முடியும். முழு வீடு எடுத்தவருக்கு உள்ள பிடிமானம் ஓர் அறை எடுத்தவருக்குக் கிடையாது. ஆனால் போகச் சொல்வது வேறு, டெபாசிட்டை விழுங்குவது வேறு. உடைந்ததற்குக் கழிக்கலாம், கட்டாத பில்லுக்குக் கழிக்கலாம், கோபத்துக்குக் கழிக்க முடியாது. நம் ஊரில் இதற்கு ‘டெபாசிட் பர்ன்’ என்று ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள், ஏதோ அது தானாகத் தீப்பிடித்துப் போன மாதிரி. எரிந்துபோன டெபாசிட்டின் சாம்பலை நான் இத்தனை வருடத்தில் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

இனி அந்த விதி பிறந்த கிள்ளான் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

வீட்டுக்காரரை அங்கிள் என்றே சொல்கிறேன், காப்பார் பக்கம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் சொந்தமாக வரிசைவீடு. அவரும் ஆன்டியும் மட்டும்தான், பிள்ளைகள் கல்யாணம் கட்டிப் போய்விட்டார்கள். அதிகம் பேசமாட்டார். வீட்டைத் துடைத்துத் துடைத்தே ஓய்வுகாலத்தைக் கழிப்பவர். அவர் வீட்டு கேஸ் அடுப்பைப் பார்த்தால் அதில் யாராவது சமைப்பார்களா என்றே சந்தேகம் வரும்.

சரவணன் திருச்சிக்குப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர். துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணினி வேலை. வந்ததிலிருந்து ஊர்க்காரப் பையன்களோடு ஓர் அறையில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டிருந்தார். இப்போது மனைவிக்கு விசா கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிறார். அதற்குள் இருவருக்கும் ஓர் அறை வேண்டும்.

தம்பதிக்கு அறை பிடிப்பது எவ்வளவு பாடு என்று சீக்கிரமே தெரிந்துகொள்வீர்கள். ஒற்றை ஆள் என்றால் குடிப்பாரா என்று மட்டும்தான் கேட்பார்கள். தம்பதி என்றால் சண்டை போடுவார்களா, தினமும் குழம்பு வைப்பார்களா, பிள்ளை பெற்றுக்கொள்வார்களா என்று விசாரணைக் கமிஷனே வைப்பார்கள். அங்கிள் அப்படி எதுவும் கேட்கவில்லை. ஒரு மாத வாடகை டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அதற்கு மேல் அரை மாதம், அவ்வளவுதான் என்றார். சரவணன் கையிலிருந்ததையும் நண்பரிடம் கைமாற்றாக வாங்கியதையும் சேர்த்துக் கட்டினார். சம்பள நாள் வரைக்கும் அவருக்கு மிஞ்சியது சாப்பாட்டுக் காசு. வியாழக்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு, நாளைக்குக் காலை நல்ல நேரத்தில் குடிபோகிறேன் என்றார். நல்ல நேரம் பார்ப்பவர்களை நான் தடுப்பதே இல்லை. எனக்குப் புகார் போன் பண்ணியவர்களில் பாதிப் பேர் நேரம் பார்க்காமல் போனவர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அங்கிள் கூப்பிட்டார். வந்து உங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், டெபாசிட் பர்ன் என்று சொல்லி வைத்துவிட்டார். அங்கிள் வாயிலிருந்து அவ்வளவு நீளமான பேச்சை நான் கேட்டதே இல்லை. காடியை ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பினேன். நெடுஞ்சாலை முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். சிகரெட்டா? பீரா? வந்த அன்றைக்கே அப்படி என்ன செய்திருக்க முடியும்?

கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டி, சுருட்டிய பாய், ஒரு பொட்டலம் உப்பு, மஞ்சள், சமயபுரத்தம்மன் படம் எல்லாம் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் நெற்றி நிறைய திருநீற்றோடு சரவணன், கையில் ஒரு புது எவர்சில்வர் பாத்திரம். உள்ளே கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் அங்கிள். நடுவில் நான்.

இரண்டு பக்கமும் கேட்டுப் புரிந்துகொண்டது இது. அங்கிள் காலை நடைக்குப் போய்விட்டு ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். ஆன்டி வெள்ளிக்கிழமை என்று கோயிலுக்குப் போயிருந்தார். சமையலறையில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தால் அவர் தினமும் துடைத்து வைக்கிற அடுப்பின்மேல் பால் பொங்கி வழிகிறது. சரவணன் கைகூப்பி நிற்கிறார். ரைஸ் குக்கரில் சாய்த்து வைத்த கைப்பேசியில், திருச்சியிலிருந்து மனைவி, அம்மா, மாமியார், பக்கத்து வீட்டம்மா எல்லோரும் குலவை போடுகிறார்கள். அதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள் என்று மாமியார் சொல்ல, இவர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்திருக்கிறார். அங்கே சுவரில் அங்கிளின் அப்பா படம், மாலையோடு. பின்னால் அங்கிள் நிற்பது தெரியாமல் மாமியார், அந்தப் படத்தைக் கழற்றிவிட்டு அங்கே நம்ம அம்மனை மாட்டிவிடுங்கள் மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கிறார்.

சரவணனை அதிகம் குறை சொல்ல முடியாது. அவர்கள் பக்கத்தில் வாடகை வீட்டுக்குப் போனாலும் பால் காய்ச்சித்தான் குடிபோவார்கள். வருடத்துக்கு ஒரு வீடு மாறினால் வருடத்துக்கு ஒரு பால். அறை எடுத்தாலும் அவருக்கு அது குடிபோவதுதான். இங்கே நாமும் காய்ச்சுகிறோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இன்னொருவர் குடியிருக்கிற வீட்டில், அவர் அடுப்பிலேயே, அவர் இல்லாத நேரத்தில் காய்ச்சினால் நமக்கே கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

“இது நான் பால் காச்சி குடி வந்த வூடு,” என்றார் அங்கிள் கம்பிக்குப் பின்னாலிருந்து. “ஒரு வூட்டுக்கு ஒரு தடவதான். மறுபடி ஒருத்தன் வந்து காச்சுறான்னா அதுக்கு என்னா அர்த்தம்?”

நான் ஒப்பந்தத்தை வெளியே எடுத்தேன். கஷ்டகாலத்தில் காகிதத்தை நீட்டுவது நம் தொழிலின் குணம். லைட் குக்கிங் அனுமதி என்று போட்டிருக்கிறது பாருங்கள், முட்டை அவிப்பது, மெகி நூடுல்ஸ் போடுவது, தண்ணீர் சுடவைப்பது, பால் காய்ச்சுவது எல்லாம் அதில் அடக்கம் என்று வாதாடினேன். லைட் குக்கிங் என்றால் பொங்காதும்மா என்றார் அவர். அதற்கு மேல் அந்தக் காகிதம் எனக்கு உதவவில்லை.

பிறகு எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன். இது அவர்கள் ஊர் வழக்கம், கெட்ட எண்ணம் இல்லை என்றேன். சரவணன், தெரியாமல் செய்துவிட்டேன் சார், அடுப்பை நானே துடைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினார். இதற்கிடையில் இணைப்பைத் துண்டிக்க மறந்த கைப்பேசி, அவர் சட்டைப்பையிலிருந்து, போனை அவரிடம் கொடுங்கள் மாப்பிள்ளை, நான் பேசுகிறேன் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மாமியார் மட்டும் நம் அலுவலகத்தில் வேலை செய்திருந்தால் கோலாலம்பூரில் ஒரு அறைகூடக் காலியாக இருந்திருக்காது. நானே கையை விட்டு அதை அணைத்தேன்.

சரவணன் என்னைத் தனியாக மாமர நிழலுக்குக் கூப்பிட்டார்.

“அக்கா, அவ ஞாயித்துக்கிழமை வந்து எறங்குறா. டிக்கெட்ட ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சு. டெபாசிட் போச்சுன்னா இன்னொரு எடத்துல குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. எங்க கூட்டிட்டுப் போவேன்? பசங்க படுத்திருக்கிற ரூமுக்கா?”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இனி உங்களுக்கு இப்படி ஒரு வெள்ளிக்கிழமை வரத்தான் போகிறது. முதலில் தோன்றுவது கோர்ட். கோர்ட்டுக்குப் போனால் ஜெயிப்போம், சந்தேகமே இல்லை. ஆனால் தீர்ப்பு வரும்போது அவர் மனைவி இங்கேயே மலாய் கற்றுச் சரளமாகப் பேரம் பேசிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டுக்காகக் காத்திருக்காது. இரண்டாவதாகத் தோன்றுவது, அங்கிளின் பயத்தை விளக்கம் சொல்லி விரட்டுவது. அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். பாலுக்கும் பத்திரத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லச் சொல்ல, எனக்கும் அதில் ஏதோ பங்கு இருக்கிறது என்பதுபோல அவர் என்னைப் பார்க்க ஆரம்பித்தார். பயந்தவரிடம் பயப்படாதே என்று சொல்வதைப் போல வீண்வேலை கிடையாது. அவர் வீட்டை நினைத்துத்தான் பயப்படுகிறார் என்றால் அந்தப் பயத்தையே நம் பக்கம் திருப்பினால் என்ன என்று தோன்றியது.

“அங்கிள்,” என்றேன். “அவரு வெளிய நிக்கிறாரு. ஆனா அவரு காசு உங்க வீட்டுக்குள்ள இருக்கு. பாலுக்கு எந்தக் கோர்ட்லயும் பேச்சு கெடையாது. காசுக்கு இருக்கு. நாளைக்கே அவரு ஒரு கேஸ் போட்டா அந்தப் பேப்பர்ல உங்க வீட்டு அட்ரஸ்தான் ஏறும். அவருக்கு இங்க ஒரு பிடியும் இருக்கக்கூடாதுன்னா, ஒரு காசு பாக்கி வைக்காதீங்க.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கிள் எழுந்தார். உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தார். நேற்று நான் கொடுத்த அதே உறை, பிரிக்கப்படவே இல்லை. சூடான சட்டியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்துக் கம்பி வழியாக நீட்டினார்.

எனக்கு நானே கைகுலுக்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அங்கிருந்தே நம் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அப்போது நம் அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்த அம்மாவை நாங்கள் எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பெயரைப் போட்டால் இப்போதும் திட்டுவார், வேண்டாம். நல்லா செஞ்ச என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்காவது கேட்டுவிடலாம் என்ற ஆசையில், முழு டெபாசிட்டும் வாங்கிவிட்டேன், ஒரு வெள்ளிக் காசு குறையவில்லை என்று முழங்கினேன். மறுமுனையில் ஏதோ முறுக்கு நொறுங்கும் சத்தம்.

“சரி. ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு எங்க படுக்கும்?” என்றார்.

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஒரு மணி நேரம் காடிக்குள் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த வீட்டுக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டேன். செந்தூலில் ஒருவர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். பூச்சோங்கில் ஒருவர் கல்யாணச் சான்றிதழை மலாயில் மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொன்னார். இன்னொருவர் தம்பதிக்குத் தர ஆட்சேபணை இல்லை, ஆனால் மனைவி வராமல் இருந்தால் நல்லது என்றார். கையில் முழு டெபாசிட்டோடு தெருவில் நிற்கிற ஆளை நான்தான் உருவாக்கியிருந்தேன். உரிமையை மீட்டுக் கொடுத்தாகிவிட்டது, அதைப் போர்த்திக்கொண்டு படுக்க முடியாது.

அப்போதுதான் ஆன்டி கோயிலிலிருந்து வந்தார். வெளியே கிடந்த பெட்டியைப் பார்த்தார், சரவணனைப் பார்த்தார். அவர் கையில் இருந்த சர்க்கரைப் பொங்கலில் கொஞ்சம் சரவணனுக்குக் கொடுத்துவிட்டு, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அங்கிள் எங்களை மட்டும் உள்ளே விட்டுக் கதவை மறுபடி பூட்டிக்கொண்டார். சமையலறையில் அடுப்பில் காய்ந்து ஒட்டியிருந்த பாலைச் சுரண்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் எனக்குச் சொன்னார்.

அங்கிளின் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை செய்து செந்தூலில் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தாராம். அப்பா போன பிறகு அம்மாவோடு அங்கிளும் ஆன்டியும் அங்கேதான் இருந்தார்கள். ஒருநாள் ஜோகூரிலிருந்து அங்கிளின் அண்ணன் குடும்பத்தோடு வந்தார், வேறு வீடு கிடைக்கிற வரைக்கும் இரண்டு வாரம் என்று. வந்த அன்றைக்கு அண்ணி பால் காய்ச்சினார். அந்தப் பாலைக் கடைக்கு ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்ததே அங்கிள்தான். அண்ணன் வந்திருக்கிறாரே என்று அவ்வளவு சந்தோஷம். இரண்டு வாரம் பல வருடமாயிற்று. அம்மாவின் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசியபோது, நான் பால் காய்ச்சிக் குடிவந்த வீடு இது என்று அண்ணன் சொன்னாராம். எல்லோரும் தலையாட்டினார்களாம். பால் வாங்கி வந்தது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அண்ணனைப் போய்க் கோர்ட்டில் நிறுத்துவதா என்று அங்கிள் ஒரு பெட்டியும் அப்பா படமுமாக வெளியே வந்துவிட்டார். அதற்கப்புறம் பல வருடம் அடுத்தவர் வீடுகளில் அறை எடுத்துத் தங்கி, கிரேன் ஓட்டி வாங்கிய வீடு இது.

“இத அவரு யாருகிட்டயும் சொல்லமாட்டாரு,” என்றார் ஆன்டி. “அந்த வூட்லேருந்து வந்தது அந்தப் படம் ஒண்ணுதான். அதக் கழட்டச் சொன்னது இன்னிக்கு அவரு காதுலயே விழுந்துருச்சு.”

நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, எந்தப் புண் என்று தெரியாமலே அதில் விரலை வைத்து அமுக்கியதைத்தான். பணம் வந்துவிட்டது, சரிதான். ஆனால் அந்த மனுஷர் கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குள்ளேயே காவல் காத்துக்கொண்டிருந்தார்.

ஆன்டி நல்லவர். அவருக்கு ஒரு யோசனை இருந்தது. டெபாசிட் எதுவும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம், அந்தப் பிள்ளையும் அவன் பெண்டாட்டியும் நம்ம பிள்ளை மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும், அங்கிளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அந்த நேரத்தில் அதைவிட இனிமையான வார்த்தை எனக்கு வேறு கிடைத்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை தீர்ந்தது, அலுவலகத்துக்குப் போய் பாஸிடம் பதில் சொல்லலாம். இப்படி ஒரு இனிமையை உங்களிடம் யாராவது நீட்டும்போதுதான் நீங்கள் விழித்துக்கொள்ள வேண்டும். செந்தூலில் நடந்ததும் இதேதான். ஒரு காசு இல்லை, ஒரு எழுத்து இல்லை, எல்லாம் சொந்தம். சாவி கொடுக்கும்போது இருந்த சொந்தம், போகச் சொல்ல வேண்டிய நாளில் வாயைக் கட்டிப்போடும்.

“வேணாம் ஆன்டி,” என்றேன். “புள்ள மாதிரி வேணாம். ரூம் எடுத்தவரு மாதிரி இருக்கட்டும். அதான் உங்க ரெண்டு பேருக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.”

வெளியே போய் சரவணனிடம் செந்தூல் வீட்டு விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொன்னேன். அவர் கையிலிருந்த பொங்கலை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றார். இந்தத் தடவை கெஞ்சவில்லை.

“சார், எங்க அத்த சொன்னது தப்பு. அப்பா படம் இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். எங்க சாமிய நாங்க ரூமுக்குள்ள வச்சுக்கிறோம்.”

அங்கிள் சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நான் சரவணனிடமிருந்து உறையை வாங்கிக்கொண்டு அங்கிள் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். காலையில் அதை அவர் கையிலிருந்து பிடுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது அதை அவர் கையில் திணிக்க மறுபடியும் அதே பாடு.

“காசு இருந்தா அவனுக்கு இங்க பிடி இருக்குன்னு சொன்னது நீதாம்மா,” என்றார். “இப்ப வாங்கிக்கோங்கன்னு சொல்றதும் நீதான்.”

அந்தக் குத்து எனக்குத் தேவைதான்.

“பிடி இருக்கு அங்கிள், இல்லன்னு சொல்லல. அந்தக் காசத் திருப்பிக் கேக்குற பிடி. அது ஒண்ணுதான். அவரு கேக்குற அன்னிக்கு நீங்க குடுத்துட்டீங்கன்னா அவரு சாவிய வச்சிட்டுப் போய்த்தான் ஆகணும். அவரு எந்த வழியில வந்தாரோ அந்த வழியிலயே போறதுக்குத்தான் இந்தக் காசு.”

அவர் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அப்படியென்றால் பாலைப் பற்றியும் எழுது என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல ஒப்பந்தத்தின் கடைசியில் எழுதினேன். நீங்கள் படம் பிடித்து அனுப்பினீர்களே, அந்த வாக்கியம் அவருடையது, எழுத்துத்தமிழாக்கியதைத் தவிர நான் எதையும் மாற்றவில்லை. சரவணன் பெட்டியின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் அந்த வாக்கியத்தை நம் அலுவலகத்தின் எல்லா அறை ஒப்பந்தத்திலும் சேர்த்துவிட்டேன்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். இரண்டு குடும்பமும் ஐஸ்பெட்டிக்கும் குளியலறைக்கும் வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டார்கள். குழந்தை பிறந்து இடம் போதாமல் அவர்கள் வேறு வீட்டுக்குக் கிளம்பியபோது, குழந்தை உடைத்த ஒரு ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் கழித்துக்கொண்டு மீதியை அங்கிள் கொடுத்தார். கண்ணாடிக்கடை ரசீதையும் கூடவே கொடுத்தார். இவ்வளவு சுத்தமான பிரிவை நான் கல்யாணமானவர்களிடம்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் என் மனசில் நிற்பது அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான். சரவணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆன்டி பின்னாலேயே பாயை எடுத்துக்கொண்டு போனார். நான் டெபாசிட் ரசீதை எழுதி அங்கிளிடம் நீட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை.

“எங்கண்ணன்கிட்ட நான் ஒரு காசு வாங்கலம்மா,” என்றார்.

கூடத்துச் சுவரிலிருந்த அப்பா படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“வாங்கியிருந்தா, போயிருப்பான்ல?”

“போயிருப்பாரு அங்கிள்,” என்றேன். அன்றைக்கு அந்த வீட்டில் நான் சொன்ன ஒரே பொய் அது. அவர் பேனாவை வாங்கி ரசீதில் கையெழுத்துப் போட்டார்.